குன்னூரிலிருந்து தார்நாகா வரை: குழந்தையின் தட்டும் டப்பா மாவும்

ஹைதராபாத்தில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் பேச்சு மூன்று விஷயத்தைத் தாண்டாது. பொங்கலுக்கு ரயில் டிக்கெட், வீடு வாங்குவதா வாடகையிலேயே ஓட்டுவதா, அப்புறம் "எங்க பையன் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்". முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு யோசனை வரும். மூன்றாவதுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். ஏதாவது ஒரு டப்பாவின் பெயர். "இதைப் பால்ல கலந்து குடுங்க, புரோட்டீன் இருக்கு, நல்லா வளர்வான்."

என் மகளுக்கு நாலு வயது. அதனால் இந்த அறிவுரை எனக்கும் வாரம் தவறாமல் கிடைக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை வளர ஒரு பவுடர் வேண்டும், அதிலும் புரதம் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம் பாட்டிகளுக்கு அது இல்லை. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதையின் பெரும்பகுதி நடந்த இடம் இங்கே தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. நம்மைப் போலவே அதுவும் ஊர்விட்டு இங்கே வந்து குடியேறியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குன்னூரில் ஒரு அறை

1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு அறையை வாங்கிக்கொண்டு பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். அந்த ஒற்றை அறைதான் பிறகு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. 1969-ல், பொன்விழா சமயத்தில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது.

மெக்காரிசன் செய்த ஒரு சோதனை மிகவும் பிரபலம். இந்தியாவின் வெவ்வேறு மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை, அவரவர் வீட்டில் சமைப்பது போலவே சமைத்து, குட்டி எலிகளுக்குப் போட்டார். சீக்கியர், பத்தான், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராசி என்று தனித்தனிக் கூட்டம். சில மாதம் கழித்து எடை போட்டால் சீக்கியச் சாப்பாட்டு எலிகள் முதலிடம். கடைசி இடம் யாருக்கு? மதராசி எலிக்குத்தான் :-)

வெள்ளைக்காரர்கள் இதை வைத்து யார் போர்வீர இனம், யார் சோப்ளாங்கி என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் சோதனை சொன்னது அது இல்லை. எலிகள் எல்லாம் ஒரே வம்சம், இனம் அங்கே வேறுபடவே இல்லை. வேறுபட்டது தட்டுதான். ஒரு பக்கம் முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி. இன்னொரு பக்கம் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கி, கழுவிக் கழுவிச் சத்தைக் கொட்டிவிட்ட அரிசி, அதற்குத் தொட்டுக்கொள்ள மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

இதை நாம் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் நமக்கு "நம்ம ஊர் சாப்பாடு" என்றாலே கண் கலங்கிவிடும். இங்கே கிடைக்கும் பப்ஸையும் நூடுல்ஸையும் திட்டிவிட்டு, "ரசம் சாதம் ரெண்டு வாய் ஊட்டினா போதும்" என்போம். ரசம் சாதம் வயிற்றுக்கு இதம்தான். ஆனால் தினமும் மூன்று வேளையும் அதுவே என்றால் குழந்தைக்குக் கிடைப்பது வெள்ளை அரிசியும் புளித்தண்ணீரும். ஒரு நூற்றாண்டுக்கு முன் குன்னூர் எலி சொன்னதை இன்றும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

புழுங்கலரிசி காப்பாற்றிய கதை

நம் சாப்பாட்டைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. மெக்காரிசனுக்குப் பின் 1935-ல் பொறுப்புக்கு வந்தவர் அய்க்ராய்ட். அப்போது மதராஸ் மாகாணத்தில் ஒரு புதிர். வடக்கே, இன்றைய கடலோர ஆந்திராவில், பெரிபெரி பரவலாக இருந்தது. தெற்கே தமிழ்ப் பகுதிகளில் அவ்வளவாக இல்லை. இரண்டு இடத்திலும் அரிசிதான், இரண்டு இடத்திலும் ஏழைகள்தான். பிறகு என்ன வித்தியாசம்?

அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியிருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிமணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. பச்சரிசியில் தவிட்டோடு அதுவும் போய்விடும். இதைக் குன்னூரில் ஆராய்ந்து நிறுவினார்கள்.

இதில் குழந்தைகளுக்கு என்ன? 1941-ல் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் அந்தப் பெரிபெரிப் பகுதியின் குழந்தை இறப்பைப் பற்றியே எழுதினார்கள். தாய் தீட்டிய பச்சரிசி மட்டும் தின்றால் அவள் பாலிலும் தயமின் குறையும். தாய் பார்க்க நன்றாகவே இருப்பாள், கைக்குழந்தைதான் திடீரென்று போகும். வீட்டுச் சோறு என்பதால் மட்டும் அது நல்ல சோறு ஆகிவிடாது என்பதற்கும், நம் பாட்டிகளின் ஒரு சாதாரணப் பழக்கம் பல உயிரைக் காத்தது என்பதற்கும் இது ஒன்றே சாட்சி.

சவலைப் பிள்ளையும் புரதப் பீதியும்

இனி டப்பாவின் கதைக்கு வருவோம்.

1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை பார்த்தார். பால்குடி மறந்த குழந்தைகளிடம் ஒரு நோயைக் கண்டார். கால் வீங்கும், தோல் உரியும், முடி நிறம் மாறும், குழந்தை சிடுசிடுவென்றே இருக்கும். அந்த ஊர் மக்கள் அதைக் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததால் தாயின் மடியை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அவர்கள் விளக்கினார்கள். அந்தப் பெயரையே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது.

தமிழில் நமக்கு இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே உண்டு. சவலை. தாய் மறுபடி உண்டாகிவிட, பால் கிடைக்காமல் வாடிப்போகும் பிள்ளை சவலைப் பிள்ளை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாய்மார்கள் பார்த்த காட்சி ஒன்றுதான்.

இதே சிசிலி வில்லியம்ஸ் பிறகு மலாயாவுக்கும் வந்தார். 1939-ல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதில் சர்க்கரை போட்ட டப்பாப்பாலைத் தாய்மார் தலையில் கட்டும் வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு: பாலும் கொலையும். அதுவும் வியாபாரிகள் நிறைந்த ரோட்டரி கிளப்பில்! துணிச்சல்காரி.

ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகம் அவருடைய முதல் கண்டுபிடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியது. குவாஷியோர்கர் வரக் காரணம் புரதக் குறைவு, ஆகவே ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் வேண்டியது புரதம் என்று முடிவுகட்டினார்கள். 1955-ல் ஐ.நா. அமைப்புகள் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தன. 1968-ல் புரத நெருக்கடி வரப்போகிறது என்று ஐ.நா. அறிக்கையே வந்தது. மீன்மாவு, சோயாமாவு, நிலக்கடலைப் புண்ணாக்கு மாவு என்று உலகெங்கும் ஆராய்ச்சி. நம் மைசூர் உணவுத் தொழில்நுட்ப நிலையத்திலும் நிலக்கடலை மாவும் கடலை மாவும் கலந்த பல்நோக்கு உணவு தயாரானது, பால் ஆகார் தயாரானது. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் குழந்தை வளராவிட்டால் காரணம் புரதக் குறைவு, அதற்கு மருந்து ஒரு விசேஷ மாவு என்ற எண்ணம் அந்த இருபது வருடத்தில்தான் உலகெங்கும் ஊறியது.

சேலத்துக்காரர் கேட்ட கேள்வி

இந்த ஓட்டத்தில் நின்று கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் சி. கோபாலன். சேலத்தில் பிறந்தவர். பிறந்த வருடம் 1918, அதாவது குன்னூர் அறை திறந்த அதே வருடம். சென்னையில் மருத்துவம் படித்து, லண்டனில் ஆராய்ச்சி செய்து, குன்னூரில் சேர்ந்து, கூடத்தோடு ஹைதராபாத்துக்கு வந்து அதன் இயக்குநராகவும் ஆனார். 2019-ல் நூறு வயதில் காலமானார்.

குவாஷியோர்கர் வந்த குழந்தைகளும், வெறும் எலும்பும் தோலுமாய் மெலியும் மராஸ்மஸ் வந்த குழந்தைகளும் என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் குழு விசாரித்தது. புரதக் குறைவுதான் காரணம் என்றால் முதல் கூட்டத்தின் தட்டில் புரதம் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஒரு வித்தியாசமும் தென்படவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே சாப்பாடுதான், இரண்டுக்கும் அது போதாத சாப்பாடு. அரிசியும் பருப்புமாகச் சாப்பிட்டதில் புரதத்தைவிடப் பெரிய பள்ளம் கலோரியில்தான் இருந்தது.

கலோரி போதாதபோது உடம்பு என்ன செய்யும்? கிடைத்த புரதத்தையும் எரித்துவிடும். அடுப்புக்கு விறகு இல்லை என்று சந்தனக் கட்டையை வைத்து எரிப்பது போல. அந்த நேரத்தில் இன்னும் நாலு சந்தனக் கட்டை வாங்கிக் கொடுத்து என்ன பயன்? முதலில் விறகு வேண்டும்.

1973-ல் வெளியான அவர்கள் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. ஊட்டம் குறைந்த, பள்ளி வயது எட்டாத குழந்தைகளுக்குப் பதினான்கு மாதம் தினமும் ஒரு கூடுதல் உணவு. கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், அவ்வளவுதான். மொத்தம் 310 கலோரி, அதில் புரதம் வெறும் 3 கிராம். அது கிடைக்காத குழந்தைகளைவிட இவர்கள் உயரத்திலும் எடையிலும் தெளிவாக முன்னே போனார்கள். விசேஷப் புரத மாவு எதுவும் தேவைப்படவில்லை.

(இதைப் படித்துவிட்டு "அப்போ சர்க்கரை நல்லதா?" என்று கேட்காதீர்கள். அது பசித்த குழந்தைகளிடம் ஒரு கேள்விக்கு விடை காணச் செய்த சோதனை. நம் அபார்ட்மெண்ட் குழந்தைக்கான சமையல் குறிப்பு அல்ல.)

1971-ல் கூடிய உலக நிபுணர் குழு குழந்தைகளுக்கான புரதத் தேவையைக் குறைத்தது. 1974-ல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் இந்த மொத்தப் புரதப் பரபரப்பையும் மாபெரும் சொதப்பல் என்று கிழித்தார். 1977-ல் அந்தப் புரதக் குழுவையே கலைத்துவிட்டார்கள். அறிவியல் உலகில் விஷயம் முடிந்தது. ஆனால் நம் சமையலறை அலமாரியில் முடியவே இல்லை.

தராசு ஒரு வீட்டுக்கு, விளம்பரம் ஒரு வீட்டுக்கு

ஏன் முடியவில்லை? என் எண்ணத்தில் காரணம் இதுதான்.

1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1980-ல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். யாருக்கு எடை ஏறாமல் நிற்கிறதோ அவர்களுக்கு மட்டும் மூன்று மாதம் கூடுதல் உணவு, தாய்க்கு அறிவுரை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுக் குழந்தையிலிருந்தே சேர்த்துக்கொண்டது. இதிலெல்லாம் குறைகள் உண்டு. ஆனால் கிராமத்து ஏழைத் தாய்க்கு, தராசோடு வந்து "உன் பிள்ளை இந்த மாசம் கால் கிலோ ஏறலையே, என்ன குடுக்கிற?" என்று கேட்க ஓர் அங்கன்வாடி அக்கா இருந்தார்.

மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. நம் வீட்டுக்கு வந்தது டிவி. ஊட்டச்சத்துப் பாடம் எடுத்தது விளம்பரம்.

மால்ட் பானங்களின் வரலாற்றிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஹார்லிக்ஸ் 1870களில் அமெரிக்காவில் பிறந்தது. இங்கிலாந்தில் அது பெரியவர்கள் இரவில் நன்றாகத் தூங்கக் குடிக்கும் பானம். இங்கே அதுவே பிள்ளைகள் உயரமாக, புத்திசாலியாக வளரக் குடிக்கும் பானம்! அதற்குப் பெரிய சந்தை நம் தென்னிந்தியாவும் கிழக்கிந்தியாவும். காரணம் எளிது. நல்ல பால் தாராளமாகக் கிடைத்த பஞ்சாபில் பாலைப் பாலாகவே குடித்தார்கள். தண்ணீர் கலந்த பால் வாங்கிய நம் பக்கத்தில், அதைக் கெட்டியாக்கிக் காட்ட ஒரு மாவு தேவைப்பட்டது. காய்ச்சல் வந்தவரைப் பார்க்கப் போனால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போன தலைமுறை நாம். அந்தப் பழக்கத்தின் மேல் புரதப் பீதி வந்து உட்கார்ந்ததும் வியாபாரம் களை கட்டியது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1992-ன் குழந்தைப்பால் மாற்றுச் சட்டமும் 2003-ல் அதற்கு வந்த திருத்தமும் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தை உணவு விளம்பரங்களைத் தடுத்தன. இரண்டு வயது தாண்டினால் விளம்பரத்துக்கு வழி திறந்துவிடும். 2023-ல் போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி இணையத்தில் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் 100 கிராமில் சேர்க்கும் சர்க்கரையை 37.4 கிராமிலிருந்து 32.2 ஆகக் குறைத்தார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது. நம் உணவுச் சட்டத்தில் ஆரோக்கிய பானம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் வீட்டில் என்ன குறைகிறது?

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் தந்த அளவுப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 1360 கலோரியும் சுமார் 16 கிராம் புரதமும் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் புரதம். 30 கிராம் துவரம் பருப்பில் இன்னொரு 6 கிராம். 100 கிராம் அரிசியில் 7 கிராம் அளவு (ஆமாம், அரிசியிலும் புரதம் உண்டு). பதினாறைத் தாண்டிவிட்டோம், முட்டையை இன்னும் தொடவே இல்லை. வயிறார வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் குழந்தைக்குப் புரத டப்பா எதற்கு?

டப்பா தருவது என்ன என்று அடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை உள்ள மாவு 20 கிராம் வீதம் இரண்டு வேளை என்றால் 13 கிராம் சர்க்கரை. "இனிப்பு பத்தலை" என்று மேலே போடும் இரண்டு ஸ்பூன் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். கூடுதல் சர்க்கரையை மொத்தக் கலோரியில் ஐந்து சதவீதத்துக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு வயதுக் குழந்தைக்கு அது சுமார் 17 கிராம். பிஸ்கட்டும் ஜூஸும் இன்னும் கணக்கில் வரவில்லை.

நம் குழந்தைகளுக்கு உண்மையிலேயே குறைவது வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் ரத்தசோகை நாட்டளவில் 67 சதவீதம். தமிழ்நாட்டில் 57, நாங்கள் இருக்கும் தெலங்கானாவில் 70. அந்த ஆய்வில் விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுத்ததால் எண்ணிக்கை கூடத் தெரிகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. சரி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்த 2016-18 தேசிய ஆய்வைப் பார்த்தாலும் 1 முதல் 4 வயதில் 41 சதவீதம். இது ஏழைகளின் பிரச்சினை மட்டும் என்று நாம் நகர்ந்துவிட முடியாது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நாட்டில் 35.5 சதவீதம் என்றால், மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளிலேயே 23 சதவீதம். "எங்க குடும்பமே குட்டை, ஜீன் அப்படி" என்பதும் பாதி உண்மைதான். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த வளர்ச்சி அட்டவணைக்காக ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள். நல்ல உணவும் மருத்துவமும் கிடைத்த தெற்கு டெல்லிக் குழந்தைகள் நார்வே, அமெரிக்கக் குழந்தைகளைப் போலவேதான் வளர்ந்தார்கள்.

ஆக, நம் வீட்டில் உணவுக்குப் பஞ்சம் இல்லை. பணத்துக்கும் பெரிதாக இல்லை. பஞ்சம் நேரத்துக்கும் கைக்கும்தான். ஊரில் ஒரு குழந்தைக்கு அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆறு கை ஊட்டும். இங்கே நான் ஆபீஸில் ஆணி பிடுங்குகிறேன், மனைவியும் அதே. குழந்தை டே கேரில். மாலை ஏழு மணிக்கு மூன்று பேரும் களைத்துப்போய் வீட்டில். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் பாலும் கையில் ஒரு மொபைலும் எவ்வளவு சௌகரியம்!

சௌகரியத்தின் விலையைத் தெரிந்துகொள்வது நல்லது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அரை லிட்டருக்கு மேல் தினமும் பால் குடிக்கும் சின்னக் குழந்தைக்கு வயிறு நிறைந்துவிடும், கீரைக்கும் பருப்புக்கும் இடமிருக்காது, ரத்தசோகை வரும். பிறகு "சாப்பிடவே மாட்டேங்கிறா" என்று இன்னொரு டம்ளர் பால். மொபைல் பார்த்தபடி வாய் திறக்கும் பிள்ளைக்குப் பசித்ததும் தெரியாது, நிறைந்ததும் தெரியாது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுக்குச் சொன்னது: நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பத்தாவது மாடி ஃப்ளாட்டில் வளரும் குழந்தைக்கு இந்த மூன்றும் தானாக நடக்காது. ஓடாத குழந்தைக்குப் பசியும் எடுக்காது.

ஹைதராபாத் மிக்ஸ்

தார்நாகா நிறுவனம் ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கென்று ஒரு மாவைச் சொல்லித் தந்தது. பெயர் ஹைதராபாத் மிக்ஸ். கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16, நிலக்கடலை 10, வெல்லம் 20. வறுத்துப் பொடித்தால் 86 கிராம். அதில் 330 கலோரி, 11 கிராம் புரதம். காப்புரிமையும் இல்லை, கார்ட்டூன் படமும் இல்லை. பார்த்தாலே தெரியும், இது நம் சத்துமாவின் அக்கா முறை. நன்றாக வளரும் குழந்தைக்கு வெல்லத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம், வெல்லமும் சர்க்கரைதான்.

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைக்கும் வழக்கத்திலும் ஒரு அறிவியல் இருக்கிறது. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச் சத்தை உடைப்பதால் கூழ் இளகிவிடும். அதனால் அதே அளவு கூழில் அதிக மாவைச் சேர்க்கலாம். குழந்தையின் வயிறு சின்னது, அதில் தண்ணீரை நிரப்பிப் பயனில்லை. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். நம் பாட்டி வெயிலில் துணி விரித்துச் செய்ததும் இதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு வறுத்து வைக்கிறோம். புழுங்கலரிசிதான். சாதத்தில் பருப்பு கெட்டியாக, ஒரு ஸ்பூன் நெய். கீரையோ காயோ கட்டாயம், அதன் மேல் எலுமிச்சை பிழிந்து (புளிப்பில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும்). முட்டை வாரத்தில் நாலு நாள், சாப்பிடாதவர்கள் சுண்டல் வைத்துக்கொள்ளலாம். பால் இரண்டு சின்ன டம்ளர், சாப்பாட்டு நேரத்தில் இல்லை. டே கேரில் மதியம் என்ன தருகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம். கீழே பூங்காவில் அரை மணி நேரம் கட்டாயம், அன்றைக்கு யாருக்கு மீட்டிங் இல்லையோ அவர் கூட்டிப்போக வேண்டும்.

இன்னொன்று, 1980-ல் நம் கிராமத்து அங்கன்வாடியில் செய்ததை நாமும் செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் எடுத்து, தடுப்பூசி அட்டையின் பின்னால் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வையுங்கள். கோடு ஏறிக்கொண்டே இருந்தால், இன்று இரண்டு வாய் குறைத்துச் சாப்பிட்டதற்காக யாரும் அழ வேண்டாம். கோடு நின்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள், கூடவே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நாலு குடும்பம் கூடும்போது யாராவது டப்பா பெயரைச் சொன்னால், அவர்கள் வீட்டுக் குழந்தையின் கோடு எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து நல்ல இடத்துக்குப் போகும்.